தோள்வலியை மறைத்த நான்கு மாதங்கள்

இறகுப்பந்தில் இரட்டையர் ஆட்டத்துக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் பலருக்குத் தெரியாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒற்றையரில் தரவரிசை ஆட்டக்காரருக்கு உரியது. இரட்டையரில் அது ஜோடிக்கு உரியது. கடந்த 52 வாரங்களில் அந்த ஜோடி சேர்ந்து ஆடியவற்றில் சிறந்த 10 முடிவுகளைக் கூட்டினால் வருவதுதான் தரவரிசைப் புள்ளி. ஜோடி பிரிந்தால் அந்தப் புள்ளிகளை யாரும் பாதியாகப் பிரித்து எடுத்துக்கொண்டு போக முடியாது. வாரம் ஒன்றாக அவை உதிர்ந்துபோகும். புதிய இணையோடு பெயர் கொடுக்கும்போது, இருவரின் பழைய கணக்கையும் வைத்து நுழைவுக்காக ஒரு மதிப்பு போடுவார்கள். ஆனாலும் பட்டியலில் அந்தப் புதிய ஜோடி கீழேயிருந்துதான் ஏறி வர வேண்டும்.

2016 பிப்ரவரியில் என் இணையின் இடது முழங்காலில் தசைநார் அறுந்தது. நாங்கள் உலகத் தரவரிசையில் முதல் நூறு ஜோடிகளுக்குள் வந்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. ஏழு ஆண்டுகள் சேர்த்தது அடுத்த 52 வாரங்களில் கரைந்தது. அந்த முழங்காலுக்கும் என் இடது தோளுக்கும் தொடர்பு உண்டு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இப்போது கடலூரிலும் புதுச்சேரியிலும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அவர்களில் ஒருவருக்கும் இது நடக்கக் கூடாது.

அப்பா கடலூர் முதுநகரில் ஒரு மீன்வலைக் கடையில் கணக்கு எழுதினார். மாலையில் பூப்பந்து ஆடுவார். அதுவும் நான் ஆடிய இறகுப்பந்தும் வேறு. எங்கள் பக்கத்தில் பூப்பந்து என்றால் மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், திறந்தவெளித் தரை. தஞ்சாவூர் அரச குடும்பத்தார் ஆடிய ஆட்டம் என்று அப்பா பெருமையாகச் சொல்வார். இறகுப்பந்து அவருக்குக் காற்றடித்தால் பறந்துபோகிற பூஞ்சையான ஆட்டம். என்னை ஒரு பள்ளி மண்டபத்துப் பயிற்சியில் சேர்த்துவிட்டபோதுகூட, "ஒரு வருடம் ஆடிப் பார், பிறகு பூப்பந்துக்கு வந்துவிடு" என்றுதான் சொன்னார்.

நான் இடக்கைப் பழக்கம் உள்ளவள். பாட்டி என் தட்டைத் தட்டித் தட்டிச் சோற்றை வலக்கைக்கு மாற்றினார். பள்ளிக்கூடம் பேனாவை மாற்றியது. மட்டையை மட்டும் யாரும் மாற்றவில்லை. அதனால் இன்றும் வலக்கையால் எழுதி, இடக்கையால் அடிக்கிறேன். உங்கள் பிள்ளைக்கு இடக்கை வாட்டம் என்றால் தயவுசெய்து அதைத் திருத்தாதீர்கள். ஷட்டிலில் உள்ள 16 இறகுகளும் ஒரே திசையில் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால் அது பறக்கும்போது ஒரு பக்கமாகவே சுழல்கிறது. வலையை ஒட்டி விழும்படி இடக்கையால் சீவி அடிக்கும் டிராப், வலக்கைக்காரர் சீவியது போல விழாது. எதிரே நிற்பவர் அதற்குப் பழகுவதற்குள் நான்கு புள்ளி எடுத்துவிடலாம்.

பதினாறு வயதுவரை ஒற்றையர்தான் ஆடினேன். மூன்றாவது ஆட்டம், அதாவது கடைசிச் செட், வரும்போது கால்கள் கனத்துவிடும். ஒரு நாள் பயிற்சியாளர் சார், "நாளையிலிருந்து நீ இரட்டையர் ஆடு" என்றார். நான் அழுதேன். அந்தக் காலத்தில் இரட்டையர் என்பது ஒற்றையரில் தேறாதவர்களை ஒதுக்கிவைக்கும் இடம். பரிசளிப்பு விழாவில்கூட அந்தக் கோப்பை கடைசியில் வரும், கூட்டம் கலைந்த பிறகு. 2010 காமன்வெல்த் போட்டியில் ஜுவாலா கட்டாவும் அஸ்வினி பொன்னப்பாவும் மகளிர் இரட்டையரில் தங்கம் வென்றார்கள். அடுத்த ஆண்டு லண்டனில் உலக சாம்பியன்ஷிப் வெண்கலமும் வென்றார்கள். 1983இல் பிரகாஷ் படுகோன் பெற்ற வெண்கலத்துக்குப் பிறகு அந்தப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த பதக்கம் அதுதான். அதன் பிறகுதான் என்னைப் போன்றவர்களுக்கு நிமிர்ந்து நிற்கத் தோன்றியது.

என் இணையை, நான் அக்கா என்று அழைப்பவரை, 2009இல் சந்தித்தேன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், முத்தியால்பேட்டைக்காரர், குள்ளம், வலக்கை. வலைக்கு முன்னால் அவருடைய மட்டை பாம்பின் நாக்கு மாதிரி நீண்டு மீளும். பயிற்சி புதுச்சேரியில். விடியற்காலை ஐந்து மணி பஸ்ஸில் ஏறுவேன். பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி, ரெட்டிச்சாவடி, முள்ளோடை, கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் என்று போகும். தவளக்குப்பத்தில்தான் பெரும்பாலும் விழிப்பு வரும். நடத்துநர்களுக்கு என்னைத் தெரியும். மட்டைப் பையை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள்.

ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் இரட்டையர் ஆடுபவர்கள் நிறைய.

ஒற்றையர் ஆடுகளத்தின் அகலம் 17 அடி. இரட்டையருக்கு 20 அடி. இரண்டு பேருக்குச் சேர்த்து மூன்று அடிதான் கூடுதல். ஆகவே இரட்டையரில் ஓட்டம் குறைவு, நேரம் குறைவு. முக்கியமான வேறுபாடு சர்வீஸில் இருக்கிறது. இரட்டையரில் சர்வீஸ் விழ வேண்டிய கட்டம் பின்பக்கத்தில் இரண்டரை அடி குட்டை. பின்னால் தூக்கிப் போட்டு ஏமாற்ற இடம் போதாது. அதனால் எதிராளி துணிந்து முன்கோட்டை ஒட்டி நிற்பார். சர்வீஸ் வலைக்கு மேல் ஒரு சாண் உயர்ந்தால் போதும், அடுத்த நொடி அது உங்கள் இணையின் நெஞ்சில் வந்து விழும். நீங்கள் செய்த தவறுக்கு அடி அவருக்கு.

எனக்கு இது புரிய இரண்டு வருடம் ஆனது. அப்பாவுக்கு ஒரே நாளில் புரிந்துவிட்டது. பயிற்சியைப் பார்க்க வந்தவர், மறுநாள் கடையிலிருந்து தங்கூசி என்னும் நைலான் நரம்பு ஒரு சுருள் கொண்டுவந்தார். வலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் கம்பத்துக்குக் கம்பம் இழுத்துக் கட்டினார். "வலைக்கும் நரம்புக்கும் நடுவில் போனால்தான் கணக்கு" என்றார். தினமும் இருநூறு சர்வீஸ். மாதங்கள் போகப் போக நரம்பை அரைச் சாணுக்கு இறக்கினார். இறகுப்பந்தைப் பற்றி எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த பாடத்தைப் பூப்பந்து ஆடிய ஒருவர்தான் கற்றுக்கொடுத்தார். இன்றும் என் பயிற்சிக்கூடத்தில் அந்த நரம்பு உண்டு. 2018இல் சர்வீஸ் விதி மாறிய பிறகு இன்னொன்றும் சேர்த்தேன். இப்போது அடிக்கும் நேரத்தில் ஷட்டில் முழுவதும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும். முன்பு இடுப்புக்குக் கீழே என்ற கணக்கு. உயரமான பிள்ளைகள் இதில் தடுமாறுகிறார்கள். சர்வீஸ் போடுபவருக்குப் பக்கவாட்டில் இரண்டு கம்பு நட்டு 1.15 மீட்டரில் ஒரு நூல் கட்டுங்கள். தவறு அவர்கள் கண்ணுக்கே தெரியும். நடுவர் கை தூக்கிச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம்.

அடுத்தது நடு. இரண்டு பேருக்கும் இடையில் வரும் ஷட்டில் யாருக்கு? வலக்கையும் இடக்கையும் சேர்ந்த ஜோடியில் இது பெரிய வில்லங்கம். தடுத்து ஆடும்போது நான் இடப்பக்கமும் அக்கா வலப்பக்கமும் நின்றால், நடுவில் வருவது இருவருக்கும் புறங்கைப் பக்கம், அதாவது மட்டை பிடிக்காத கையின் பக்கம். சிக்கல் இல்லை, தடுப்பதற்குப் புறங்கைதான் வசதி. ஆட்டத்தின் ஓட்டத்தில் இடம் மாறிவிட்டால் நடு இருவருக்கும் முன்கைப் பக்கமாகிவிடும். இரண்டு பேரும் வீசுவோம். முதல் ஆறு மாதத்தில் மூன்று மட்டைகள் மோதி உடைந்தன. ஒரு தடவை என் மட்டையின் விளிம்பு அக்காவின் விரலைப் பிளந்தது. பிறகு ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். எதிராளி எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறாரோ, அவருக்கு நேரே நிற்பவர் பக்கவாட்டுக் கோட்டையும் தன் உடம்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். குறுக்கே நிற்பவர் நடுவை எடுக்க வேண்டும். யார் முன்கை, யார் புறங்கை என்ற பேச்சே கிடையாது. எழுதிப் பார்த்தால் இது ஒரு வரி. உடம்பில் ஏற ஒரு வருடம் ஆனது.

முன்னால் நிற்பவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. பின்னால் இணை என்ன செய்கிறார் என்று பார்க்கக் கழுத்தைத் திருப்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இணை மேலிருந்து ஓங்கி அடிக்கும் ஸ்மாஷ் நேராகக் கண்ணில் வந்து பாயும். ஷட்டில் ஐந்து கிராம்தான் இருக்கும், ஆனால் அதன் தக்கை சரியாகக் கண்குழிக்குள் பொருந்தும் அளவு. ஆட்டம் தொடங்கும் பிள்ளைகளுக்கு விளையாட்டுக்கென்று விற்கும் பாலிகார்பனேட் கண்ணாடி வாங்கிக் கொடுங்கள். சாதாரண மூக்குக் கண்ணாடி போதாது, அது உடைந்தால் இன்னும் ஆபத்து.

களத்தில் பேச எங்களுக்கு நான்கே சொற்கள். 'எனது', 'விடு', 'மாறு', 'முன்'. வடக்கே ஆடும்போது தமிழ் எங்களுக்குக் கோட்டைச் சுவர். கேரளத்து ஜோடிகளுக்கு எதிரே அது செல்லாது. மலேசியாவில் ஆடியபோது எதிர்ப்பக்கம் நின்ற பெண் சிரித்துக்கொண்டே, "அக்கா, எனக்கும் புரியும்" என்றாள். 2025 பாரிஸ் உலக சாம்பியன்ஷிப் மகளிர் இரட்டையர் இறுதியில் மலேசியாவின் பேர்லி டானும் தீனா முரளிதரனும் ஆடி வெள்ளி வென்றபோது எனக்கு அந்தக் குரல்தான் நினைவுக்கு வந்தது. முரளிதரன் என்ற பெயரை அந்தத் திரையில் பார்த்து நான் கைதட்டியதில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள்.

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு கிடந்தன. எங்கள் மண்டபத்தின் கூரைத் தகடுகள் மூன்று தெரு தள்ளி விழுந்திருந்தன. எங்கள் பகுதியில் மின்சாரம் வரப் பல நாட்கள் ஆயின. பஸ் ஓடத் தொடங்கியதும் அக்கா மட்டைப் பையோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றார். அவர்கள் வீட்டு ஓடுகளும் பறந்திருந்தன. "உங்கள் மொட்டைமாடிச் சுவர் நிற்கிறதா?" என்று கேட்டார். நின்றது. அந்தச் சுவரிலிருந்து ஐந்தடி தள்ளி நின்று, ஒருவர் மாற்றி ஒருவர், ஷட்டில் கீழே விழாமல் அடித்தோம். காலையில் தேவனாம்பட்டினம் மணலில் கால் பயிற்சி. மாலையில் மாடிச் சுவர். மாதக் கணக்கில் ஆடுகளமே இல்லை. அந்த நாட்களுக்குப் பிறகு எங்கள் தடுப்பாட்டத்தை உடைக்கச் சென்னை ஜோடிகள் மிகவும் சிரமப்பட்டார்கள்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தத் தொழிலைப் பற்றிப் பேச முடியாது. உலகச் சுற்றுப் போட்டிகளில் ஒரு நிலையான சூப்பர் 300 போட்டி ஒன்றில் ஒற்றையர் பட்டம் வெல்பவருக்கு மொத்தப் பரிசுத் தொகையில் 7.5 சதவீதம். இரட்டையர் பட்டம் வெல்லும் ஜோடிக்கு 7.9. ஒருவருக்கு 3.95 என்று ஆகிறது. பரிசு இரண்டாகப் பிரியும், விமான டிக்கெட் பிரியாது. நாங்கள் ஆடியவை பெரும்பாலும் அதற்கும் கீழே உள்ள போட்டிகள். கால் இறுதிவரை போனாலும் கைக்காசு போட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும். அப்பா கடை முதலாளியிடம் முன்பணம் வாங்கினார். அக்காவின் அம்மா வளையல்களை அடகு வைத்தார். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் சேர்த்து எழுதினோம். ஷட்டில், நரம்பு, அறை வாடகை, பரிசு, கடன். யார் வீட்டிலிருந்து எவ்வளவு வந்தது என்று இருவருக்கும் எப்போதும் தெரியும். பணத்தால் முறிந்த ஜோடிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். எங்களுக்குள் அது ஒரு நாளும் வரவில்லை. அந்த நோட்டில் உடம்பின் கணக்கையும் எழுதியிருக்க வேண்டும்.

போகிற போக்கில் ஒன்று. லக்னோவில் டிசம்பர் குளிரில் முதன்முறை ஆடியபோது எங்கள் ஷட்டில்கள் இரண்டு அடியில் இறகு ஒடிந்தன. கடலூர்க் காற்றில் எப்போதும் ஈரம் இருப்பதால் எங்களுக்கு அந்தப் பிரச்சினையே தெரியாது. அங்கே ஒரு ரயில்வே ஆட்டக்காரர்தான் சொல்லிக்கொடுத்தார். முந்தின இரவே கொதிக்கும் தண்ணீரின் ஆவியில் டியூப்பின் இறகுப் பக்கத்தைச் சில நொடிகள் காட்டி, மூடி வைத்துவிட வேண்டும். ஒரு டியூப்பில் 12 ஷட்டில். பயிற்சிக்கு அது இரண்டு மடங்கு நாள் வந்தது. காசில்லாதவர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

2015 அக்டோபரில் என் இடது தோள் வலிக்கத் தொடங்கியது. முதலில் ஸ்மாஷ் அடித்த பிறகு மட்டும். பிறகு இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை. அக்காவிடம் சொல்லவில்லை. பயிற்சியாளரிடமும் சொல்லவில்லை. மூன்று மாதத்தில் ஐந்து போட்டிகள் இருந்தன. கடன் வாங்கி டிக்கெட் எடுத்திருந்தோம். நான் சொன்னால் எல்லாம் நிற்கும். என் ஒருத்தியால் இரண்டு வீட்டுப் பணம் போகக் கூடாது என்று நினைத்தேன். அன்று அது தியாகம் மாதிரி இருந்தது. வலி மாத்திரையைத் தண்ணீர் பாட்டிலின் மூடியில் ஒளித்து வைத்து விழுங்கினேன்.

நான் இடக்கை என்பதால் களத்தின் இடது பின்மூலை என்னுடையது. என் முன்கைப் பக்கம், நான் பலமாக அடிக்கும் இடம். அக்காவுக்கு அது புறங்கைப் பக்கம். எங்கள் ஆட்டத்தின் அமைப்பே அதுதான். அந்த மூலைக்கு ஷட்டிலை உயர்த்தினால் எதிராளி அழிந்தார் என்று பொருள். தோள் வலி வந்த பிறகு நான் அந்த மூலைக்கு ஒரு கணம் தாமதமாகப் போனேன். சில சமயம் போகவே இல்லை, முன்னால் தங்கிவிட்டேன். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. இணை வராத இடத்துக்குத் தான் போவதுதான் இரட்டையர். அவர் போனார். தலைக்கு மேலே வளைத்து அடித்தார், இடது காலில் இறங்கினார். மறுபடி மறுபடி, நான்கு மாதம்.

வலக்கை ஆட்டக்காரர் இடது பின்மூலையில் தலைக்கு மேல் எட்டி அடித்து ஒற்றை இடது காலில் இறங்குவதுதான், இந்த ஆட்டத்தில் முழங்காலின் முன் குறுக்குத் தசைநார் அறுவதற்கு மிகவும் பேர் போன அசைவு. இது எனக்குப் பிறகுதான் தெரியும். பிப்ரவரியில், மூன்றாவது ஆட்டம், 16-17. அந்த மூலைக்கு ஷட்டில் உயர்ந்தது. என்னுடையது. நான் 'எனது' என்று சொல்லவில்லை. பின்னால் ஒரு சத்தம் கேட்டது, காய்ந்த தென்னம்பாளையை ஒடித்தது மாதிரி. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று பழகிய நான் அன்று திரும்பிப் பார்த்தேன்.

அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாவது வாரம், எங்களைப் பார்த்துக்கொண்ட அதிகாரி ஒருவர் எனக்கு வேறு இணையை முடிவு செய்தார். நான் சரி என்றேன். அதை அக்காவிடம் நானே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பயிற்சியாளர் சார் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். இது முதல் தவறைவிடச் சிறியது அல்ல. புதிய இணையும் நானும் தகுதிச் சுற்றிலேயே தோற்றுக்கொண்டிருந்தோம். மூன்றாவது போட்டிக்குப் பிறகு இயன்முறை மருத்துவர் என் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது எத்தனை மாத வலி?" என்று கேட்டார். அப்போதுதான் முதன்முறையாக ஒருவரிடம் உண்மையைச் சொன்னேன்.

மறுநாள் முத்தியால்பேட்டைக்குப் போனேன். அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, காலை நீட்டி, தொடைத் தசையை இறுக்கி விடும் பயிற்சி செய்துகொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எண்ணிக்கையை நிறுத்தவில்லை, முப்பதுவரை எண்ணி முடித்தார். பிறகு சொன்னார்:

"வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் ஷட்டிலைத் தூக்கியே இருக்க மாட்டேனே. தட்டையாக அடித்திருக்கலாம். வலையிலேயே வைத்து ஆடியிருக்கலாம். நமக்கு வேறு ஆட்டமா தெரியாது?"

அதுதான் எனக்கு வலித்தது. அவர் கோபப்படவில்லை. ஆட்டத்தைப் பற்றிப் பேசினார். நான் சொன்னால் எல்லாம் நின்றுவிடும் என்று நினைத்தேன். அவருக்கோ, நான் சொன்னால் ஆட்டம் மாறும், அவ்வளவுதான். தூக்கி அடிக்காத ஓர் ஆட்டத்தை இரண்டு வாரத்தில் நாங்கள் கட்டியிருப்போம். மருத்துவர், இந்தக் காயம் யாருக்கும் எப்போதும் வரலாம், ஒரு காரணத்தைக் குறிப்பிட முடியாது என்றார். அக்காவும் அதையே சொல்கிறார். நான் அதில் ஒளிந்துகொள்ள விரும்பவில்லை. அந்த மூலைக்கு அவர் எத்தனை முறை போனார் என்று எனக்குத் தெரியும்.

அக்கா திரும்பி வர ஓராண்டுக்கு மேல் ஆனது. 2018இல் மறுபடி சேர்ந்தோம். புதிய சர்வீஸ் விதி குள்ளமான அவருக்கு வசதியாக இருந்தது. 1.15 மீட்டர் அவருக்கு இடுப்புக்கு நன்றாக மேலே. தட்டையாக, வலையைத் தடவிக்கொண்டு போகும் சர்வீஸ். உள்நாட்டுப் போட்டிகளில் ஒன்றரை ஆண்டு நன்றாகவே ஆடினோம். பழைய தரவரிசைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. 2019இல் அவருக்கு வேலையும் குடும்பமும் வந்தன. நானும் நிறுத்தினேன். இந்தோனேசியாவின் ஹெந்திரா செதியவான் அதே ஆண்டு முப்பத்தைந்து வயதில் முகமது அஹ்சானோடு உலக சாம்பியன் ஆனார். இரட்டையரில் கால் தளர்ந்தாலும் கண்ணும் கையும் வைத்து நெடுநாள் ஆடலாம் என்பதற்கு அவர்களைவிட நல்ல சாட்சி கிடையாது. எங்களுக்கும் இன்னும் ஆண்டுகள் இருந்தன என்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

என்னிடம் வரும் ஜோடிகளுக்கு ஒரு நோட்டு கொடுக்கிறேன். இடப்பக்கத் தாளில் பணம். வலப்பக்கத் தாளில் உடம்பு. பயிற்சிக்கு முன் ஒவ்வொருவரும் எங்கே வலி, பத்துக்கு எத்தனை என்று எழுதி, இணையிடம் படித்துக் காட்ட வேண்டும். என்னிடம் காட்டுவது அப்புறம். பயிற்சியாளரிடம் மட்டும் சொல்லி இணையிடம் மறைக்கும் பிள்ளைகள் உண்டு, பயிற்சியாளர் அணியிலிருந்து எடுத்துவிடுவார் என்று பயந்து இருவரிடமும் மறைக்கும் பிள்ளைகளும் உண்டு. அதனால் ஒரு வாக்கு கொடுத்திருக்கிறேன். நோட்டில் எழுதிய வலிக்காக யாரையும் ஜோடியிலிருந்து பிரிக்க மாட்டேன். ஐந்துக்கு மேல் எழுதினால் இயன்முறை மருத்துவரிடம் போக வேண்டும். மூன்று, நான்கு என்றால் அன்றைய ஆட்டத்தை எப்படி மாற்றி ஆடலாம் என்று இருவரும் உட்கார்ந்து எனக்குச் சொல்ல வேண்டும். இந்த வேலையில் அவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள்.

பெற்றோரிடம் இரண்டு வேண்டுகோள். இணையைப் பற்றி வீட்டில் குறை பேசாதீர்கள், அது மறுநாள் களத்தில் தெரிகிறது. இன்னொன்று, பயணப் பணத்தைப் பிள்ளையின் தலையில் ஏற்றாதீர்கள். "இவ்வளவு செலவு செய்து அனுப்புகிறோம்" என்ற சொல்லை என் அப்பா ஒரு முறைகூடச் சொன்னதில்லை. ஆனாலும் அந்தக் கணக்கு எனக்குத் தெரிந்திருந்தது, அதுவே என் வாயை அடைத்தது. சொல்லிக் காட்டும் வீடுகளில் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

போன வியாழக்கிழமை மஞ்சக்குப்பத்தில் காலைப் பயிற்சி. பதினான்கு வயதுப் பெண்கள் இருவர். ஒருத்தி நோட்டில் வலது கணுக்கால், நான்கு என்று எழுதியிருந்தாள். மறுவாரம் மாவட்டப் போட்டி. அவளுடைய இணை அதைப் படித்துவிட்டு என்னிடம் வரவில்லை. நேரே போய்ச் சுருட்டி வைத்திருந்த தங்கூசியை எடுத்து வலைக்கு மேலே கட்ட ஆரம்பித்தாள். எட்டவில்லை, நாற்காலி போட்டு ஏறினாள். கணுக்கால் வலித்தவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். அன்று அவர்கள் ஓடவில்லை. சர்வீஸ் மட்டும், ஆளுக்கு இருநூறு.